மகப்பேற்றுச் சிகிச்சையும் துணைப்பரிகாரங்களும்

மகப்பேறு இல்வாழ்வார் விரும்பும் பேறுகளுள் தலையாயதென்பது யாவரும் ஒப்பும் உண்மை. அப்பேறு வாயாத இல்லத்தில் நிகழும் துன்பமோ வெளியார்க்குப் புலனாவதில்லை. அங்கே அழுகுரல் கேட்பதில்லை, பாடை எழுவதில்லை, ஆதலால் துக்கம் விசாரிக்க வருவாரும் இலர். வருவோர், "ஏதும் விசேஷமோ?" என்று வினாவி, இல்லையென்னும் விடையைப் பெற்று, தத்தமக்குத் தெரிந்த பரிகாரமொன்றைச் சொல்லிப் போகின்றனர். ஒருவர் ஒரு பரியாரியாரின் பெயரைச் சொல்வர். ஒருவர் ஒரு கோயிலின் பெயரைச் சொல்வர். ஒருவர் ஊசி குத்தும் சீன வைத்தியத்தைச் சொல்வர். ஒருவர் சாத்திரியாரிடம் குறிப்பைக் கொடுத்துத் தோஷம் பார்க்கச் சொல்வர். இவையனைத்தையும் கேட்ட தம்பதிகள், மேனாட்டு முறையிற் கருத்தரிப்பிக்கும் வைத்தியசாலையை அடைந்த பின்னும், முன்னர்ச் சொல்லப்பட்டவற்றுள் ஒன்றையும் விட மனமில்லாதவராய், எல்லாவற்றையும் ஒருங்கே கைக்கொள்கின்றனர். இங்ஙனம் கைக்கொள்ளுதல் தகுமோ? தகுமாயின் எவ்வளவில் தகும்? இதுவே யாம் ஈண்டு ஆராயப் புகும் வினா.

இவ்வினாவை யாம் வாதத்தின்பொருட்டு எடுத்துக்கொண்டோமல்லோம். எமது பிழையொன்றே இதனை எழுதத் தூண்டிற்று. சில ஆண்டுகளுக்கு முன் எம் உறவினருள் ஒரு பெண், மணமாகி ஏழாண்டு கழிந்தும் மகப்பேறு வாயாதவள், தன் கணவனுடன் எம்மிடம் வந்தாள். கொழும்பிலே தனியார் வைத்தியசாலை ஒன்றிற் சோதனைக்குழாய் முறைச் சிகிச்சை தொடங்குவதற்கு நாள் குறிக்கப்பட்டிருந்தது. அந்நாட்களும் கந்தசஷ்டி விரத நாட்களும் ஒன்றாய் வந்தன. ஆறு நாளும் மிளகும் நீரும் மாத்திரம் கொண்டு விரதம் பிடிக்க வேண்டுமென்று மாமியார் விரும்பினார். ஊர்ப் பரியாரியார் ஒருவர் கொடுத்த சூரணமும் செந்தூரமும் வேறு கையிலிருந்தன. "அம்மான், இதெல்லாவற்றையும் டாக்குத்தரிடம் சொல்லவோ? சொன்னால் அவர் ஏசுவார். விரதத்தை விட்டால் மாமி மனம் நோவார். நான் என்ன செய்ய?" என்று அவள் கேட்டாள்.

யாம் அதிகம் சிந்தியாமல், "எல்லாம் நல்லவையே, எல்லாவற்றையும் செய், டாக்குத்தர் கேளாததை நீயாகச் சொல்ல வேண்டுவதில்லை" என்று விடை கூறினோம். அவள் அவ்வாறே செய்தாள். நாலாம் நாள் அவ்வைத்தியசாலையின் வாயிலிலே மயங்கி வீழ்ந்தாள். நடந்ததை அறிந்த வைத்தியர் சிகிச்சையை அம்முறைக்கு இடையிலே நிறுத்திவிட்டார். அதற்கென்று செலவிட்ட பணம் அவள் தன் காப்புக்களை அடைவு வைத்துப் பெற்ற பணம். அவள் எம்மைக் குறித்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லாமையே எம்மை இன்றுவரை உறுத்துகின்றது. யாம் கூறிய விடையில் எப்பகுதி பிழை, எப்பகுதி பிழையன்று என்பதைப் பகுத்தறிதல் எமக்குக் கடனாயிற்று.

முதற்கண் இச்சிகிச்சையின் இயல்பைச் சுருக்கிக் கூறுவோம். மாதந்தோறும் ஒரு முட்டையே முதிரும் சூற்பையிற் பல முட்டைகள் ஒருங்கே முதிரும்படி ஏறக்குறைய பத்து முதற் பதினான்கு நாள்வரை ஊசிமருந்து ஏற்றுவர். பின்னர் அம்முட்டைகளை நுண்ணிய ஊசியினால் வெளியே எடுத்துக் கணவனுடைய விந்தணுக்களுடன் கண்ணாடிக் கலத்திலே சேர்ப்பர். உண்டான கருவை மூன்று முதல் ஐந்து நாள் வளர்த்துக் கருப்பையினுள் வைப்பர். கரு தங்கிற்றோ இல்லையோ என்பதைக் குருதிச் சோதனையால் அறிய ஏறத்தாழ இரண்டு வாரம் காத்திருத்தல் வேண்டும். இம்முறையாற் பிறந்த முதற் குழந்தையாகிய லூயிஸ் பிரவுண் 1978ஆம் ஆண்டு ஜூலை 25ஆந் திகதி இங்கிலாந்திலே ஓல்டாம் என்னும் ஊரிற் பிறந்தாள். அதனைச் சாதித்தோர் ரொபேர்ட் எட்வேர்ட்ஸ், பற்றிக் ஸ்ரெப்ரோ, ஜீன் பேர்டி என்னும் மூவர். அவருள் எட்வேர்ட்சுக்கு 2010இல் நோபெற் பரிசு கொடுக்கப்பட்டது. ஏனையிருவரும் அதற்கு முன்னரே காலமாயினர். இன்று இம்முறையாற் பிறந்தோர் உலகெங்கும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர்.

ஆயினும் இஃது எஞ்ஞான்றும் பயன்றரும் முறையன்று. 2019ஆம் ஆண்டிற்குரிய ஐக்கிய இராச்சியத்துப் பதிவுகளின்படி, கருப்பையில் வைக்கப்படும் கரு ஒன்று குழந்தையாய்ப் பிறத்தல் 35 வயதிற்குட்பட்ட மகளிரிடத்தும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே. 43 வயதைக் கடந்தோரிடத்து அது நூற்றுக்கு ஐந்திலும் குறைவு. ஆகவே ஒவ்வொரு முறையும் பயன்பெறுவோரினும் பெறாதோரே மிகுதி. மருந்திற்கும் பயனுக்குமிடையே இத்துணை அகன்ற வெளி இருத்தலினாலேயே அவ்வெளியை நிரப்பப் பிற பரிகாரங்கள் வந்து புகுகின்றன. புகுதல் இயல்பே. கையில் உள்ளதெல்லாம் செய்துவிட்டோம் என்னும் ஆறுதலை வேண்டி அலமரும் மனத்தை இகழ்வோர் அத்துன்பத்தை அறியாதோர்.

இனி நம்மவருட் சிலர் கூறும் ஆட்சேபம் ஒன்றுண்டு. "பிள்ளை இன்மை முன்வினைப்பயன்; அதனை ஊசியால் மாற்ற முயலுதல் திருவருளோடு மாறுகொள்ளுதலாம்" என்பர். இவ்வாட்சேபம் சித்தாந்தத்தைச் சரிவர அறியாமையால் எழுந்தது. ஒரு காரியம் நிகழ்தற்கு முதற்காரணம், துணைக்காரணம், நிமித்தகாரணம் என மூன்று வேண்டுமென்பதும், குடத்திற்கு மண்ணும் திரிகையும் குயவனும் போல அவை அமையுமென்பதும் நம் சிறுவரும் படிக்கும் பாடம். குயவன் உளன் என்பது கொண்டு திரிகையை எறிந்துவிடுவார் இலர். கண் நோய்க்கு மருந்திடுதலும், பாம்பு கடித்தார்க்கு விஷம் இறக்குதலும் திருவருளோடு மாறுகொள்ளாவெனின், அடைபட்ட கருக்குழாய்க்குப் பரிகாரம் தேடுதல் மட்டும் மாறுகொள்ளுதல் எங்ஙனம்?

அன்றியும், மெய்கண்டதேவரின் தந்தையாராகிய அச்சுதகளப்பாளரின் வரலாற்றை நினைக்க. அவர் புத்திரபாக்கியம் இன்றி வருந்தித் தம் குருவினிடம் சென்றனர். குருவானவர் திருமுறையிற் கயிறு சாத்திப் பார்த்துத் திருவெண்காட்டுப் பதிகத்தைக் காட்டினர். அவர் மனைவியாருடன் அத்தலத்தை அடைந்து முக்குளத்து நீராடி வழிபட்டனர். இப்பிறவியில் உனக்கு அப்பேறு இல்லையென்று கனவிலே கேட்ட பின்னும், பிள்ளையாரின் திருவாக்கை நம்பி வந்தேன் என்று வழிபாட்டை விடாது நின்று பெற்றனர் என்பது வரலாறு. வினையென்று சொல்லி வாளாவிருத்தலை நம் முன்னோர் போற்றினாரல்லர் என்பதற்கு இது போதும்.

அவ்வாறாயின் எல்லாவற்றையும் கலந்து செய்தலிற் குற்றம் யாதெனின், கூறுதும். துணையென்று பெயர் பெற்றதெல்லாம் துணைக்காரணமாகாது. ஒன்று ஒன்றிற்குக் காரணமென்பதை நம் தருக்க நூலார் இருவழியால் ஆராய்வர். அஃது உள்வழிக் காரியம் உண்மை அன்னுவயம். அஃது இல்வழிக் காரியம் இன்மை வெதிரேகம். இரண்டும் ஒருங்கு அமைந்தாலன்றிக் காரணமென்று துணியலாகாது. காகம் இருக்கப் பனம்பழம் வீழ்ந்தது கண்டு காகமே வீழ்த்திற்று என்பார் முதலாவதை மாத்திரம் பார்த்தவராவர். காகம் இராத பனையிலும் பழம் வீழ்கின்றதோ என்று பார்த்திலர். "இன்ன கஷாயம் குடித்தாள், பிள்ளை பிறந்தது" என்று ஊரார் கூறும் சாட்சிகள் பெரும்பாலும் இவ்வகையினவே. குடித்தும் பிறவாதவர் தம் கதையைச் சந்தியில் நின்று கூறுவதில்லை. குடியாமற் பிறந்தவரை எவரும் எண்ணுவதில்லை.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். 2002ஆம் ஆண்டிலே ஜேர்மனி தேசத்தில் 160 பெண்களை ஆராய்ந்த வைத்தியர்கள், கருவை உள்ளே வைக்கும் நாளிற் சீன முறைப்படி ஊசி குத்தப்பட்டவருள் நூற்றுக்கு 42.5 பேரும், குத்தப்படாதவருள் 26.3 பேரும் கருவுற்றனர் என்று வெளியிட்டனர். இச்செய்தி எங்கும் பரந்தது. பல நகரங்களில் ஊசி குத்துவோர் கருத்தரிப்பு நிலையங்களின் அயலிலே கடை திறந்தனர். ஆயின் அவ்வாராய்ச்சியிற் குத்தப்பட்டவர் தாம் குத்தப்பட்டதை அறிவர். அது நன்மை செய்யுமென்ற நம்பிக்கையும், கூடக் கிடைத்த ஓய்வும் பரிவும் பயன்றந்தனவோ, ஊசி பயன்றந்ததோ என்று பகுத்தல் அரிது. பின்னர் அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 848 பெண்களிடத்துச் செய்த ஆராய்ச்சி 2018இல் வெளிவந்தது. அங்கே ஒரு பகுதியாருக்கு மெய்யாக ஊசி குத்தினர். மறுபகுதியாருக்குத் தோலிற் புகாத போலியூசியை வேற்றிடங்களில் வைத்தனர். குழந்தை பெற்றோர் முன்னவருள் நூற்றுக்கு 18.3, பின்னவருள் 17.8. வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம். இஃதன்றோ வெதிரேகம்! நம் தருக்க நூல் வேண்டும் சோதனையை மேனாட்டார் செய்து காட்டினர்; அவ்வளவே.

ஆடவர்க்கும் இவ்வாறே. நாகச் சத்தும் போலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை விந்தணு விருத்திக்கென்று பலரும் விற்றனர். அமெரிக்காவில் 2370 தம்பதிகளிடத்து ஆராய்ந்து 2020இல் வெளியிட்டபோது, மாத்திரை உண்டவர் இல்லங்களில் நூற்றுக்கு 34, உண்ணாதவர் இல்லங்களில் 35 எனக் குழந்தைகள் பிறந்தன. அதே போலிக் அமிலத்தை நாடோறும் 400 மைக்கிரோகிராம் அளவிற் கருவுறு முன்னரே தொடங்கிப் பெண் உட்கொள்ளின், சிசுவின் முள்ளந்தண்டிலும் மூளையிலும் உண்டாகும் குறைபாடுகள் பெரிதும் தடுக்கப்படும் என்பதோ ஐயமற நிறுவப்பட்ட உண்மை. ஒரே பொருள் ஓரிடத்திலே துணையாயும் ஓரிடத்திலே வீணாயும் நிற்றலைக் காண்க. ஆதலால், நாட்டு மருந்தெனின் தள்ளுக, மேனாட்டு மருந்தெனின் கொள்ளுக என்பது எம் கருத்தன்று. எதுவாயினும் ஆராய்ந்தே கொள்க என்பதே கருத்து.

ஆராயாது தள்ளுதலும் பெரும்பிழையாம். லூயிஸ் பிரவுண் பிறந்து 70 நாளின்பின், 1978ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆந் திகதி, கல்கத்தாவிலே வைத்தியர் சுபாஷ் முகோபாத்தியாயர் என்பவரின் முயற்சியால் இம்முறையிலேயே ஒரு பெண்குழந்தை பிறந்தது. அரசாங்கம் நியமித்த சபையார் அவர் சொல்லை நம்பிற்றிலர். அவர் தம் ஆராய்ச்சியைப் பிறதேசத்துச் சபைகளில் எடுத்துரைக்கவும் இடங்கொடுக்கப்படவில்லை. அவர் மனமுடைந்து 1981இல் தம்முயிரைத் தாமே போக்கினர். இந்தியாவின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தையைத் தோற்றுவித்தவரென்று அதுகாறும் போற்றப்பட்டுவந்த ஆனந்தகுமார் என்னும் அறிஞரே 1997இல் அவருடைய குறிப்புக்களைப் படித்து, அப்பெருமை தமக்கன்று, அவருக்கே உரியதென்று வெளிப்படக் கூறினார். சபையார் செய்தது ஆராயாமை. ஆனந்தகுமார் செய்தது ஆராய்ச்சி. தமக்குரியதென்று கருதப்பட்ட புகழை உண்மையின்பொருட்டு விட்டுக்கொடுத்தலே கற்றார்க்கு அணி.

இனிப் பயனின்மையோடு தீங்கும் கலந்துவரும் இடங்களைப் பார்ப்போம். செந்தூரம், பஸ்பம் முதலியன உலோகங்களைப் புடமிட்டுச் செய்வன. முறையறிந்து சுத்திசெய்து, அளவறிந்து, பத்தியங் கூறிக் கொடுத்த முன்னோர் வழி வேறு. கடையிற் புட்டியிலடைத்து விற்கும் வழி வேறு. 2004இல் அமெரிக்காவிலே பொஸ்ரன் நகர்ப்புறத்துக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14இல் ஈயமோ இரசமோ பாஷாணமோ காணப்பட்டது. 2008இல் 193 மருந்துகளைச் சோதித்தபோதும் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு அவ்வாறே. ஈயம் தாயின் உடம்பினின்று சிசுவின் உடம்பிற் செல்லும்; சென்று அதன் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பிள்ளை வேண்டி உண்ணும் மருந்து பிள்ளைக்கே பகையாதல் எவ்வளவு கொடிது!

விரதமும் இவ்வாறே இடமறிந்து கொள்ளற்பாலது. ஊசிமருந்து ஏற்றும் நாட்களிற் சிலருக்குச் சூற்பை மிக வீங்கி, உடம்பின் நீர் வயிற்றினுட் கசிந்து, குருதி தடித்துப் போதலும் உண்டு. அந்நிலையில் உணவையும் நீரையும் குறைத்தல் அபாயம். பெருமளவிற் கொள்ளும் மூலிகைகள் சில குருதி உறைதலைத் தாமதிப்பிக்கும். முட்டை எடுக்க ஊசி செலுத்தும் நாளில் அதுவும் கேடு. இவற்றை அறிந்து விலக்க வல்லவர் சிகிச்சை செய்யும் வைத்தியர் ஒருவரே. அவரிடமே மறைத்தால் அறிவது எங்ஙனம்? யாம் அப்பெண்ணுக்குச் சொன்ன விடையில், விரதம் நன்று என்றதிற் பிழையில்லை. சிகிச்சை நன்று என்றதிலும் பிழையில்லை. "சொல்ல வேண்டுவதில்லை" என்றதே பெரும் பிழை. பொய் சொல்லலாகாதென்று ஊருக்கு உபதேசிக்கும் யாம், மறைத்தலும் பொய்யின் கூறென்பதை மறந்தோம்.

கந்தசஷ்டிக்குரிய விதியைத்தானும் யாம் அன்று எடுத்துக் காட்டினோமல்லோம். ஆறு நாளும் உபவாசம் உத்தமம்; இயலாதவர் முதல் ஐந்து நாளும் ஒருபொழுது உண்டு ஆறாம் நாள் உபவாசமிருக்கலாம் என்று நாவலர் பெருமான் சைவவினாவிடையிலே அனுமதித்திருக்கின்றார். இயலாமையை விதியே கணக்கிற் கொண்டிருக்க, அவ்வியலாமையை அளந்து சொல்ல வல்ல வைத்தியரின் சொல்லை விதிக்குப் புறம்பென்பது எங்ஙனம்? அந்நாட்களில் உணவை விடாது கோயிலுக்குச் சென்று கும்பிட்டு வருதலும், புராண படனம் கேட்டலும், அதுவும் இயலாதாயின் வீட்டிலிருந்தே தியானித்தலும் அவளுக்குப் போதுமாயிருக்கும் என்று மாமியாரிடம் எடுத்துச் சொல்லவேண்டியவர் யாமே. அக்கடனை அஞ்சி விட்டோம். விட்ட பாரத்தை அப்பேதைப் பெண்ணின் தலையில் ஏற்றினோம்.

வைத்தியர்கள் பாலும் சிறிது குறையுண்டு. நாட்டு மருந்தென்று சொன்னவுடன் நகைத்தலும் வெகுளுதலும் செய்வாரிடத்தில் எவரும் உண்மை சொல்லத் துணியார். "வேறு என்ன உண்கின்றீர்? என்ன விரதம் பிடிக்கின்றீர்?" என்று முகமலர்ச்சியுடன் வினவுதல் வைத்தியத்தின் ஒரு பகுதியென்றே கொள்ளற்பாலது. பரியாரியாரும், "டாக்குத்தரின் மருந்தோடு இதனை உண்ணலாமோ?" என்று கேட்பாருக்கு, அறியாதவிடத்து அறியேன் என்று கூறுதல் வேண்டும். அறியேன் என்னும் சொல் எவர் பெருமையையும் குறைப்பதன்று.

ஆசையை விலைப்படுத்துவாரைக் குறித்தும் ஒரு சொல் கூறவேண்டும். நூல் மந்திரித்துக் கட்டி ஆயிரக்கணக்கான ரூபா வாங்குவோரையும், தோஷ நிவிர்த்தியென்று பெரும்பொருள் பறிப்போரையும் நாம் எளிதிற் கண்டிக்கின்றோம். வெள்ளைச் சட்டையணிந்து, நிறுவப்படாத மேலதிகச் சிகிச்சைகளைப் பட்டியலிற் சேர்த்துப் பணம் பெறும் நிலையங்களும் உலகில் உள. இங்கிலாந்திலே இத்துறையை மேற்பார்க்கும் அதிகாரசபை, அத்தகைய மேலதிகச் சிகிச்சைகளை நிறக்குறியிட்டு, இன்னது நிறுவப்பட்டது, இன்னது நிறுவப்படாதது என்று பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டிவந்தது இதனாலன்றோ? நூலாயினும் ஊசியாயினும், துன்புற்றாரது ஆசையை அறிந்து, பயனில்லாததைப் பயனுள்ளதென்று விற்றல் ஒரே பாவமாம். தலையில் எண்ணெய் வைத்து உடம்பு பிடித்துவிடுவார், "இது களைப்பை ஆற்றும்" என்று சொல்லிச் செய்தால் அது தருமம். "இது பிள்ளை தரும்" என்று சொல்லிச் செய்தால் அது வஞ்சனை. செயல் ஒன்றே, சொல்லே அதனை நன்றும் தீதும் ஆக்குகின்றது.

இவற்றினும் கொடிய தீங்கு ஒன்றுண்டு. பரிகாரம் பயன்றராதபோது குற்றம் பெண்ணின்மேல் ஏற்றப்படுகின்றது. "பத்தியம் தவறினாய், விரதம் குறைந்தது, மனத்தை அமைதியாய் வைத்திலை, அதனாற்றான் கரு தங்கவில்லை" என்கின்றனர். இவ்வகையிற் பதினான்கு ஆராய்ச்சிகளைத் தொகுத்து 3583 பெண்களின் நிலையைப் பார்த்தோர் 2011இல் வெளியிட்ட முடிபு யாதெனின், சிகிச்சைக்கு முன் மனக்கலக்கம் மிக்கிருந்தோர்க்கும் குறைந்திருந்தோர்க்கும் கருத்தரித்தலில் வேறுபாடு இல்லையென்பதே. அழுதமையாற் கரு தங்காதொழியவில்லை. இதனைத் துன்புற்ற ஒவ்வொரு பெண்ணும் அறிதல் வேண்டும். டென்மார்க்கு தேசத்திலே 818 பெண்களைப் பன்னிரண்டு மாதம் தொடர்ந்து பார்த்து 2009இல் வெளியிட்டோர், துணைப்பரிகாரங்களை நாடியவரிடத்து மகப்பேறு நூற்றுக்கு 30 பங்கு குறைந்திருந்ததெனக் கண்டனர். இதனைக் கொண்டும் அப்பரிகாரங்களே பேற்றைத் தடுத்தன என்று துணிதல் கூடாது. பலமுறை தோற்றவரே பிற வழிகளை மிகுதியும் நாடுவர். ஆதலின் எது முன், எது பின் என்பது தெளிவன்று. எம் கட்சிக்கு இயைந்ததுபோற் றோன்றும் இடத்தும் தருக்க நெறி வழுவலாகாது.

குறை பெண்ணிடத்ததே என்னும் எண்ணமும் பொய். பிள்ளையில்லாத தம்பதிகளுள் ஏறக்குறைய பாதிப்பேரிடத்து ஆடவன் பக்கத்துக் காரணம் தனித்தோ கலந்தோ உளது. உலக சுகாதார ஸ்தாபனம் 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, வயதுவந்தோருள் ஏறக்குறைய அறுவரில் ஒருவர் தம் வாழ்நாளிலே இக்குறையை அறிகின்றனர். அறுவரில் ஒருவரெனின் ஒவ்வொரு வீதியிலும் ஒவ்வொரு கோயிற் பந்தியிலும் அவர் இருக்கின்றனர். அவர் கேட்க "மலடி" என்னும் சொல்லை வழங்குதலும், கலியாண வீட்டிலும் பிள்ளைக்குப் பெயரிடும் வீட்டிலும் அவரை ஒதுக்கி நிறுத்துதலும் எந்த ஆகமத்தில் விதிக்கப்பட்டன? இவை சைவமல்ல, சைவத்தின் பெயரால் நாம் பழகிய கொடுமை.

ஆகவே எமது துணிபு இது. திருவருளை வேண்டுதலும் வைத்தியம் செய்தலும் தம்முள் முரணா. துணைப்பரிகாரம் உடம்பிற்குத் தீங்கு செய்யாததாய், பொருளை அழியாததாய், தரவல்லதை மாத்திரம் தருவேனென்று சொல்வதாய் இருப்பின் கொள்ளலாம். எதனையும் சிகிச்சை செய்வாரிடம் மறைத்தலாகாது. பயன் வாயாதொழியின் எவர்மேலும் பழி கூறலாகாது. வழிபாட்டை மருந்தினுள் ஒன்றாக எண்ணி, இத்தனை நாட் பிடித்தேன், பலன் எங்கே என்று கணக்குப் பார்த்தலும் வேண்டா. மருந்து கணக்கிற்குரியது, பலன் தராதாயின் மாற்றலாம், விடலாம். வழிபாடு கணக்கிற்குரியதன்று. இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்தமையாலேயே, கரு தங்காத நாளிற் பலர் மருந்தோடு கடவுளையும் வெறுக்க நேர்கின்றது.

எம்மிடம் வந்த பெண் பின்னர் இருமுறை அச்சிகிச்சையைச் செய்தாள். அம்முறைகளிற் செந்தூரத்தின் புட்டியையே கையிற் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டினாள். அவர் அதனை நிறுத்தச் சொல்ல, நிறுத்தினாள். மாமியாரிடம் யாமே சென்று பேசினோம். இருமுறையும் கரு தங்கவில்லை. உண்மையை மறையாமற் செய்ததனாற் பிள்ளை பிறந்தது என்று எழுதக் கூடுமாயின் இக்கட்டுரை இனிதாய் முடிந்திருக்கும், நடந்தது அதுவன்று. மூன்றாம் முறைக்கு வேண்டும் பணத்தைக் கணவன் தேடிக்கொண்டிருக்கையில், "இனிப் போதும்" என்று அவளே சொன்னாள். நிறுத்துதலும் ஒரு துணிவு என்பதை அன்று அறிந்தோம். தொடருமாறு தூண்டுவோர் நூறுபேர் இருக்க, நிறுத்தலாம் என்று சொல்ல ஒருவரும் இலராதல் தகுமோ?

சென்ற ஐப்பசியிலும் அவள் கந்தசஷ்டி விரதம் பிடித்தாள். யாம் வியந்து நோக்க, "அம்மான், இப்ப நான் ஒன்றும் கேளாமற் பிடிக்கிறேன்" என்றாள். ஆறாம் நாள் சூரன்போர் முடிந்து வீதியிற் சனங்கள் கலைந்து போகையில் அவள் கணவனுடன் எமக்கு முன்னே நடந்து சென்றாள். வழியில் எதிர்ப்பட்ட முதியவள் ஒருத்தி அவளை நிறுத்தி ஏதோ வினாவ வாய் திறந்தாள். யாம் விரைந்து சென்று இடைப்புகுந்து, மழை வருமோ என்று பேச்சை மாற்றினோம். எம் பிழைக்கு யாம் செய்த பிராயச்சித்தம் இதுவரையில் அவ்வளவே. இதனை வாசிப்போர் தம் அயலில் உள்ள அத்தகைய இல்லமொன்றை நினைந்து அவ்வளவேனும் செய்வாராயின், யாம் இதனை எழுதியதன் பயன் நிறைவேறும்.